டைனோசர்கள் எவ்வளவு வேகமாக ஓடின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரப் பள்ளி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. இங்கே தரப்படும் வேகம் ஒவ்வொன்றும் எந்த வழியில் கணக்கிடப்பட்டது என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன். வழியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் பட்டியல், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், என்னைப் பொறுத்தவரை பயனற்றது.

பார்த்தவர் ஒருவரும் இல்லாதபோது வேகம் எப்படித் தெரியும்?

மூன்று வழிகளில் மதிப்பிடுகிறார்கள். முதலாவது, சேற்றில் பதிந்து பிறகு பாறையாகிவிட்ட காலடித்தடங்களை அளப்பது. இரண்டாவது, எலும்புக்கூட்டிலிருந்து கால்களின் நீளத்தையும் அவற்றில் இருந்திருக்கக்கூடிய தசையின் அளவையும் கணித்து, அந்த உடலைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது. மூன்றாவது, இன்று வாழும் விலங்குகளின் எடைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்து, அதை டைனோசரின் எடைக்குப் பொருத்துவது.

இவற்றுள் காலடித்தடம் மட்டுமே நடந்த ஒன்றின் நேரடிப் பதிவு. ஆனால் அந்த விலங்கு அந்த ஒரு நாளில், அந்தச் சேற்றில் எப்படிப் போனது என்பதை மட்டுமே அது சொல்லும். அதன் உச்ச வேகம் என்ன என்பதைச் சொல்லாது. எலும்பு சொல்வது இதற்கு நேர்மாறானது: அந்த உடலால் எதுவரை முடிந்திருக்கும் என்ற எல்லையை அது காட்டும், ஆனால் அந்த எல்லையை அந்த விலங்கு ஒருமுறையேனும் தொட்டதா என்பதை எலும்பிலிருந்து அறிய முடியாது. நாளிதழ்களில் ஒரே டைனோசருக்கு இரண்டு மூன்று வேகங்கள் அச்சாவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாடே காரணம்.

காலடித்தடத்தை வைத்து எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதை நாமே செய்து பார்க்கலாமா?

செய்து பார்க்கலாம், பாலாற்று மணலே போதும்.

இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியராக இருந்த ஆர். மெக்நீல் அலெக்சாண்டர் 1976-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். மனிதர்களும் பல்வேறு விலங்குகளும் நடக்கும்போதும் ஓடும்போதும் எட்டின் நீளத்துக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்த்து அதை அவர் உருவாக்கினார். அதற்கு இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, முழு எட்டு. அதாவது இடது காலின் ஒரு தடத்திலிருந்து அதே இடது காலின் அடுத்த தடம் வரையுள்ள நீளம். மற்றொன்று, தரையிலிருந்து இடுப்பு மூட்டு வரையுள்ள உயரம். டைனோசரின் இடுப்பு உயரத்தைத் தடத்தில் அளக்க முடியாதல்லவா? ஆகவே பாதத் தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கி அதையே இடுப்பு உயரமாகக் கொள்கிறார்கள்.

இரண்டையும் மீட்டரில் எடுத்துக்கொண்டு, முழு எட்டை 1.67 அடுக்குக்கு உயர்த்தி, அதை இடுப்பு உயரத்தின் 1.17 அடுக்கால் வகுத்து, வருவதை 0.78-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். அறிவியல் கணிப்பான் வைத்திருக்கும் பதினோராம் வகுப்பு மாணவருக்கு இது சில நிமிட வேலை. இடுப்பு உயரம் 0.9 மீட்டர் உள்ள ஒருவர் மணலில் நடந்து, அவருடைய முழு எட்டு 1.4 மீட்டர் என்று வந்தால், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.55 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 5.6 கி.மீ. என்று வரும். கொஞ்சம் எட்டிப் போட்டு நடப்பவரின் வேகம் அது. சூத்திரம் மனிதருக்கு ஓரளவு பொருந்துவதை இப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது 50 செ.மீ. நீளமுள்ள மூவிரல் தடம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இடுப்பு உயரம் 2 மீட்டர். முழு எட்டு 3 மீட்டர் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 7.8 கி.மீ.; அது நடை. முழு எட்டு 6 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 25 கி.மீ.; அது ஓட்டம். எட்டு இரு மடங்கானால் வேகம் மும்மடங்குக்கும் மேலாகிறது. முழு எட்டை இடுப்பு உயரத்தால் வகுக்கும்போது 2-க்குக் கீழே வந்தால் நடை என்றும், 2.9-க்கு மேலே போனால் ஓட்டம் என்றும், இடைப்பட்டது துள்ளுநடை என்றும் கொள்வது வழக்கம்.

அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். இடுப்பு உயரம் பாதத்தின் நான்கு மடங்காக இல்லாமல் ஐந்து மடங்காக இருந்திருந்தால் அது 2.5 மீட்டர் ஆகிவிடும். எட்டு அதே 6 மீட்டர்தான். ஆனால் வேகம் 25 கி.மீ.-யிலிருந்து 19 கி.மீ.-க்கு இறங்கிவிடும், ஓட்டமாக இருந்தது துள்ளுநடையாகிவிடும். நான்கு என்ற அந்தப் பெருக்கெண் ஒரு சராசரி மட்டுமே. விலங்குக்கு விலங்கு அது மாறும்.

மண்ணின் தன்மையும் கணக்கைக் கெடுக்கும். பாலாற்றில் ஊற்று தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள ஈர மணலில் கால் வைத்தால் குதிகாலும் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பதியும். பத்தடி தள்ளி உலர்ந்த மணலில் அதே காலை வைத்தால், காலை எடுத்தவுடன் ஓரங்கள் சரிந்து, விரல் எது குதிகால் எது என்று தெரியாத வெறும் பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தில் அளவுகோலை எந்த இடத்தில் வைப்பது என்பதிலேயே இரண்டு பேர் சண்டையிடுவார்கள். கினிக்கோழிகளை மென்மையான சேற்றில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவற்றின் உண்மையான வேகத்தையும் தடத்திலிருந்து கணக்கிட்ட வேகத்தையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2025-இல் வெளியானது. சூத்திரம் தந்த வேகம் பெரும்பாலும் உண்மையான வேகத்தைவிட மிக அதிகமாக இருந்தது. பறவைகள் டைனோசர்களின் நேரடி வழித்தோன்றல்கள் என்பதால் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே ஒரு தடவரிசையிலிருந்து 'மணிக்கு 37.1 கி.மீ.' என்று எழுதப்பட்டிருந்தால், அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள 1-ஐப் பொருட்படுத்தாதீர்கள்.

தடங்களில் பதிவான மிக வேகமான ஓட்டம் எது?

ஓட்டத் தடங்கள் அரிதானவை. தடம் பதிய வேண்டுமென்றால் தரை ஈரமாக இருக்க வேண்டும். வழுக்கும் தரையில் எந்த விலங்கும் காரணமின்றி ஓடாது. அன்றாட வாழ்க்கையில் விலங்குகள் பெரும்பகுதி நேரம் நடக்கவே செய்கின்றன. உலகெங்கும் கிடைத்துள்ள தடவரிசைகளில் மிகப் பெரும்பாலானவை நடைத் தடங்களே.

கிடைத்தவற்றுள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தடங்கள் பெயர் பெற்றவை. ஜேம்ஸ் ஃபார்லோ 1981-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே இருகால் ஊனுண்ணி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 43 கி.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் லா ரியோஹா பகுதியில் உள்ள இகேயா ஊருக்கு அருகே கிடைத்த இரண்டு தடவரிசைகளைப் பற்றிய ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு விலங்கு மணிக்கு 23 முதல் 37 கி.மீ. வரையிலும், மற்றொன்று 32 முதல் 45 கி.மீ. வரையிலும் ஓடியதாக அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்படி இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதாக வேகத்தைச் சொல்வதுதான் நேர்மையான முறை.

என்னை மிகவும் கவர்ந்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஆர்ட்லி கல்குவாரித் தடவரிசை. மெகலோசாரஸ் வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பெரிய ஊனுண்ணி அங்கே மணிக்குச் சுமார் 7 கி.மீ. வேகத்தில் கால்களைச் சற்று அகட்டி நடந்து வந்து, திடீரென்று வேகமெடுத்து, கால்களை உடலின் நடுக்கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து சுமார் 29 கி.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறது. எதைத் துரத்தியது அல்லது எதற்குப் பயந்தது என்பதற்குப் பாறையில் விடை இல்லை. ஆனால் நடை ஓட்டமாக மாறிய தருணமே அங்கே பதிந்துகிடக்கிறது.

டி. ரெக்ஸ் ஒரு ஜீப்பைத் துரத்திப் பிடிக்குமா?

பிடிக்காது. சேன்பாக்கம் பக்கம் நெரிசலில் ஊர்ந்துபோகும் ஜீப்பாக இருந்தால் மட்டும் பிடிக்கலாம்.

டைரனோசாரஸ் ரெக்ஸ் மணிக்கு 70 கி.மீ.-க்கு மேல் ஓடியது என்று ஒரு காலத்தில் சில ஆய்வாளர்கள் கருதினார்கள். 2002-இல் ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணக்கு அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. உடல் நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஆனால் தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால், அது நான்கு மடங்குதான் கூடும். ஆகவே பெரிய விலங்கு தன் எடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு, உடலின் மேலும் மேலும் பெரிய பங்கைக் கால் தசையாகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். ஏறத்தாழ 6 டன் எடையுள்ள டி. ரெக்ஸ் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கு, ஒவ்வொரு காலிலும் உடல் எடையில் 43 விழுக்காடு தசை இருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இரண்டு கால்களுக்கும் சேர்த்து 86 விழுக்காடு! தலை, வயிறு, வால் எல்லாம் மீதி 14 விழுக்காட்டுக்குள் அடங்கவேண்டியிருக்கும். ஒரு கோழியை 6 டன்னுக்குப் பெரிதாக்கினால் என்னவாகும் என்றும் அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதன் ஒவ்வொரு காலுக்கும் உடல் எடையில் 99 விழுக்காடு தேவைப்படும் என்று வந்தது. அப்படி ஒரு கோழி இருக்கவே முடியாது. டி. ரெக்ஸின் உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ.-யைத் தாண்டியிருக்காது என்பதே அவர்களுடைய முடிவு.

அதன் பிறகு வந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. வில்லியம் செல்லர்ஸும் ஃபிலிப் மேனிங்கும் 2007-இல் செய்த கணினி ஆய்வில் டி. ரெக்ஸின் வேகம் மணிக்குச் சுமார் 29 கி.மீ. என்று வந்தது. வாழும் விலங்குகளின் எடையையும் வேகத்தையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான வேறொரு ஆய்வில் 27 கி.மீ. என்று வந்தது. அதே ஆண்டில் செல்லர்ஸ் குழுவினர் தசையோடு எலும்பின் தாங்குதிறனையும் சேர்த்துக் கணக்கிட்டு, வளர்ந்த டி. ரெக்ஸ் இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுத்து ஓடினால் கால் எலும்புகள் ஆபத்தான அளவு அழுத்தத்துக்கு உள்ளாகும், ஆகவே அது வேகமாக நடந்திருக்கும், ஓடியிருக்காது என்றார்கள். ஃபார்லோவும் சக ஆய்வாளர்களும் 1995-இலேயே இன்னொரு கோணத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள்: இவ்வளவு எடையுள்ள விலங்கு வேகமாக ஓடும்போது இடறி விழுந்தால், ஊன்றிக்கொள்ளப் பயன்படாத சிறிய கைகளோடு அது உயிர் பிழைப்பது கடினம்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வாலிலிருந்து தொடையெலும்புக்குச் சென்று காலைப் பின்னோக்கி இழுக்கும் பெரிய தசை டி. ரெக்ஸுக்கு முன்பு கருதியதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தது என்று ஸ்காட் பெர்சன்ஸும் ஃபிலிப் கரியும் 2011-இல் காட்டினார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும் 70 கி.மீ. திரும்பி வராது என்பது என் கருத்து. எலும்பு தாங்காத வேகத்தை எவ்வளவு பெரிய தசையாலும் தர முடியாது.

அப்படியானால் டி. ரெக்ஸ் சாதாரணமாக எந்த வேகத்தில் நடந்தது?

மனிதர் நடக்கும் வேகத்தில்தான். நடக்கும்போது மேலும் கீழும் அசையும் அதன் கனத்த வாலின் இயல்பான அதிர்வைக் கணக்கிட்டு, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2021-இல் மணிக்குச் சுமார் 4.6 கி.மீ. என்று மதிப்பிட்டார்கள். இது ஆற்றலை மிச்சப்படுத்தும் உலாவல் வேகம். உச்ச வேகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யானைகூட வேகமாக ஓடுகிறதே, டி. ரெக்ஸால் ஏன் முடியாது?

பேரணாம்பட்டு, குடியாத்தம் மலையடிவாரங்களில் ஆந்திரக் காட்டிலிருந்து இறங்கி வரும் யானைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைத் தவறாமல் கேட்கிறார்கள். அச்சுறுத்தும் வேகம்தான், மனிதரால் தப்புவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் அளந்து பார்த்தபோது வந்த எண் பலருக்கும் வியப்பளிக்கும். ஹட்சின்சன் குழுவினர் தாய்லாந்தில் ஆசிய யானைகளின் மூட்டுகளில் வண்ணப் புள்ளியிட்டு, வேகமாகப் போகவிட்டுப் படம் பிடித்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் யானைகள் எட்டிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 25 கி.மீ. அந்த வேகத்திலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழவில்லை. மூன்று, நான்கு டன் எடையிலேயே இப்படியென்றால், அதைவிட இரு மடங்கு எடையை இரண்டே கால்களில் சுமந்த டி. ரெக்ஸின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

எந்த டைனோசர் மிக வேகமானது?

ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், தீக்கோழியைப் போன்ற உடல்வாகு கொண்ட ஆர்னித்தோமிமஸ், ஸ்ட்ரூத்தியோமிமஸ், காலிமிமஸ் ஆகிய குழுவைச் சொல்வேன். வேகமாக ஓடும் விலங்குகளில் தொடை குட்டையாகவும், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் பாத எலும்புகளும் நீளமாகவும் இருக்கும். காலை வீசும் தசைகள் மேலே இடுப்புக்கருகில் குவிந்திருக்க, கீழ்ப்பகுதி எடை குறைந்து இருக்கும். இந்தக் குழுவின் கால்கள் அப்படியே அமைந்தவை. மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வரை என்பது நியாயமான மதிப்பீடு, 80 கி.மீ. என்று சொல்பவர்களும் உண்டு, அதை நான் ஏற்கவில்லை.

செல்லர்ஸ், மேனிங் ஆய்வில் முதலிடம் பிடித்தது கோழியளவே இருந்த காம்ப்சோனாதஸ்: மணிக்கு 64 கி.மீ. அதே ஆய்வில் அலோசாரஸ் 34, டைலோஃபோசாரஸ் 38 கி.மீ. என்று வந்தன. இந்த ஆய்வின் சிறப்பு என்னவென்றால், வாழும் உயிர்களையும் அதே முறையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தீக்கோழிக்கு மணிக்கு 55 கி.மீ. என்று வந்தது. உண்மையான தீக்கோழி 70 கி.மீ. வரை ஓடக்கூடியது. ஆகவே கணினி தரும் எண்ணில் எவ்வளவு இடைவெளி இருக்கக்கூடும் என்பதை அதே ஆய்விலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வெலாசிராப்டர்?

அதே கணினி ஆய்வில் மணிக்குச் சுமார் 39 கி.மீ. உண்மையான வெலாசிராப்டர் திரையில் காட்டப்படுவதைப் போல ஆளுயரம் இல்லை. வான்கோழியளவே இருந்த, இறகுள்ள விலங்கு. அதன் பாத எலும்புகள் தீக்கோழிக் குழுவினுடையவை போல நீண்டவையும் இல்லை. பதுங்கிப் பாய்வதற்கும் இரையைப் பற்றி அமுக்குவதற்கும் ஏற்ற கால்கள் அவை.

நீண்ட கழுத்துடைய பெரிய டைனோசர்கள்?

அவை ஓடவே இல்லை என்று துணிந்து சொல்லலாம். சாரோபாட்கள் எனப்படும் இவற்றின் தடவரிசைகள் கிடைத்த இடமெல்லாம் நடையையே காட்டுகின்றன. அர்ஜென்டினோசாரஸின் உடலைக் கணினியில் நடக்கவிட்ட 2013 ஆய்வில், 80 டன்னுக்கு மேற்பட்ட அந்த உடல் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில், அதாவது மணிக்கு 7 அல்லது 8 கி.மீ. வேகத்தில் நகர்ந்தது.

ட்ரைசெராடாப்ஸ், ஸ்டெகோசாரஸ், வாத்தலகு டைனோசர்கள்?

ஸ்டெகோசாரஸின் முன்னங்கால்கள் குட்டையானவை, பின்னங்காலிலும் தொடைதான் நீளம். வேகத்துக்கு ஏற்ற அமைப்பே இல்லை. கவசமணிந்த அங்கிலோசாரஸ் வகைகளும் அப்படியே. ட்ரைசெராடாப்ஸ் காண்டாமிருகத்தைப் போலப் பாய்ந்ததா, யானையைப் போல விரைந்து நடந்ததா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. எடையைப் பார்த்தால் யானைப் பக்கமே சாயத் தோன்றுகிறது.

வாத்தலகு டைனோசர்களில் எட்மோன்டோசாரஸைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. செல்லர்ஸ் குழுவினர் 2009-இல் அதன் உடலைக் கணினியில் அமைத்து, எந்த வகையில் போனால் வேகம் அதிகம் என்று கணினியையே கண்டுபிடிக்கவிட்டார்கள். இருகால் ஓட்டத்தில் மணிக்குச் சுமார் 50 கி.மீ.; நான்கு கால் பாய்ச்சலில் அதைவிடச் சற்று அதிகம்; எல்லாவற்றையும்விட அதிகம், கங்காருவைப் போலத் தத்தித் தத்திப் போவதில்! அத்தனை டன் எடையோடு தத்தினால் எலும்புகள் என்னவாகும் என்பது கணினிக்குக் கவலையில்லை. எலும்பின் தாங்குதிறனைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற பாடம் இப்படிப்பட்ட விடைகளிலிருந்தே வந்தது.

டைனோசர் குட்டிகள் பெரியவற்றைவிட வேகமாக ஓடினவா?

டைரனோசாரஸ் குடும்பத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இளம் விலங்குகளின் கால்கள் உடலோடு ஒப்பிட நீளமானவை, எடையோ மிகக் குறைவு. தாய் பிடிக்க முடியாத இரையைப் பிள்ளைகள் பிடித்திருக்கலாம்.

எருது விடும் விழாக் காளையோடு ஓடவிட்டால் எது ஜெயிக்கும்?

கேட்காமல் விடுவார்களா நம் ஊர்ப் பிள்ளைகள்! நம் பக்கத்து விழாவில் காளையை யாரும் அடக்குவதில்லை. இரு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில் அவிழ்த்துவிட்டு, குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடியில் கடக்கும் காளைக்குப் பரிசு தருகிறோம். ஆகவே இதற்கான விடையை நீங்களே கணக்கிடலாம். ஓடிய தூரத்தை மீட்டரில் எடுத்து, பலகையில் எழுதிய நொடிகளால் வகுத்து, 3.6-ஆல் பெருக்குங்கள், மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி வருவது சராசரி வேகம். அதில் காளை வேகமெடுக்கும் முதல் சில நொடிகளும் அடக்கம். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்தபோது சராசரி மணிக்கு 37.6 கி.மீ.; ஓட்டத்தின் நடுவில் அவர் எட்டிய உச்சமோ 44 கி.மீ.-க்கு மேல். டைனோசர்களுக்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் உச்ச வேகங்கள். காளையின் சராசரியை டைனோசரின் உச்சத்தோடு ஒப்பிட்டால் காளைக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அப்படி இருந்தும், டி. ரெக்ஸின் 27 அல்லது 29 கி.மீ.-யை விஞ்சும் காளை உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். வாசலிலேயே முரண்டுபிடித்து நிற்கும் காளையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலூர்ப் பக்கம் டைனோசர் புதைபடிவம் கிடைக்குமா?

கிடைக்காது. நம் மலைகளும் கோட்டைச் சுவரின் கருங்கல்லும் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறைகள். டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்போ தடமோ பாதுகாக்கப்பட வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் படிந்த மணற்கல்லோ களிமண் படிவோ வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட படிவுகளுக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து, 1987-இல் ப்ருஹத்காயோசாரஸ் என்ற பெயரில் ஒரு டைனோசர் விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து போய்விட்டதால் அதன் அளவைப் பற்றிய விவாதம் தீரவில்லை. சாரோபாட் என்று கொண்டால், மேலே அர்ஜென்டினோசாரஸுக்குச் சொன்னதே அதற்கும் பொருந்தும். காலடித்தடம் வேண்டுமென்றால் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் அருகே மூவிரல் ஊனுண்ணிகளின் தடங்கள் கிடைத்திருக்கின்றன. தனித் தடம் பாதத்தின் நீளத்தை மட்டுமே தரும். வேகத்தைக் கணக்கிட, ஒரே விலங்கு அடுத்தடுத்து வைத்த மூன்று தடங்களாவது வரிசையாக வேண்டும்.